சென்னை டூ சிங்கப்பூர், சென்னை டூ துபாய்... தூரம் ஒண்ணுதான்! கடிகாரம் மட்டும் ஏன் வேற மாதிரி காட்டுது?

சென்னையில் காலை 10 மணிக்கு விமானம் ஏறினால் துபாயில் மதியம் 12.50-க்கு இறங்கிவிடலாம். அதே 10 மணிக்கு சிங்கப்பூர் விமானத்தில் ஏறினால், இறங்கும்போது அங்கே மாலை 4.50 ஆகியிருக்கும். டிக்கெட்டைப் பார்த்தால் துபாய் 3 மணி நேரத்துக்குள், சிங்கப்பூர் கிட்டத்தட்ட 7 மணி நேரம். அப்போ சிங்கப்பூர்தான் ரொம்ப தூரமா?

இல்லை. சென்னையிலிருந்து இரண்டு ஊருமே ஏறக்குறைய ஒரே தூரம்தான். விமானம் பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மாறுவது கடிகாரம் மட்டுமே.

கேட்க சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். தேதி மாறி டிக்கெட் வீணாவது, விமான நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பது, அவசரத்துக்கு ஊருக்கு வருபவர் எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று தெரியாமல் தவிப்பது... எல்லாமே இந்தக் குழப்பத்தில்தான் ஆரம்பிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள திருமுக்கூடல் கிராமத்திலிருந்து ஒருவர் கிளம்புவதாக வைத்துக்கொண்டு இதை எளிமையாகப் பார்க்கலாம்.

தூரம் எவ்வளவு?

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 2,920 கி.மீ. துபாய் சர்வதேச விமான நிலையம் சுமார் 2,930 கி.மீ. வித்தியாசம் வெறும் 10 கி.மீ. தான். அதாவது தென்கிழக்கே போனாலும், வடமேற்கே போனாலும் ஒரே தூரம். இரண்டுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது சென்னை.

சென்னையிலிருந்து மற்ற சில ஊர்களுக்கான வான்வழி தூரமும், நேரடி விமானத்தில் ஆகும் நேரமும் தோராயமாக இதோ:

- மதுரை: 420 கி.மீ. - ஒன்றேகால் மணி நேரம்
- கொழும்பு: 650 கி.மீ. - ஒன்றரை மணி நேரத்துக்குள்
- டெல்லி: 1,760 கி.மீ. - இரண்டே முக்கால் முதல் 3 மணி நேரம்
- கோலாலம்பூர்: 2,630 கி.மீ. - 4 மணி நேரம்
- சிங்கப்பூர்: 2,920 கி.மீ. - 4 மணி 20 நிமிடம்
- துபாய்: 2,930 கி.மீ. - 4 மணி 20 நிமிடம்
- லண்டன்: 8,230 கி.மீ. - பத்தரை முதல் 11 மணி நேரம்

நேரம் என்பது விமான நிறுவனத்தைப் பொறுத்தும், மாதத்தைப் பொறுத்தும் 10, 20 நிமிடம் கூடும், குறையும்.

இந்தத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு தப்பும். பூமி உருண்டை. அதைத் தட்டையாக விரித்துக் காகிதத்தில் போடும்போது தூரங்கள் இழுபட்டுவிடும். ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அதன் மேல் இரண்டு இடத்தில் ஊசி குத்தி, நடுவில் நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறைந்த தூரம். விமானங்களுக்குச் சொல்லப்படும் 'நேர்கோட்டு தூரம்' என்பது இதுதான்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. கடல் மைல் கணக்குதான். ஒரு கடல் மைல் என்றால் 1,852 மீட்டர். அந்தக் கணக்கில் சென்னை - சிங்கப்பூர் சுமார் 1,580 கடல் மைல்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நூல் பிடித்தால் அது வங்காள விரிகுடாவைக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவின் பக்கமாகப் போய், சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் இடையில் இருக்கும் மலாக்கா நீரிணை வழியாக இறங்கும். துபாய்க்கு நூல் பிடித்தால் அது கர்நாடகத்தைத் தாண்டி, மும்பைக்கு அருகில் அரபிக்கடலுக்குள் நுழையும். மும்பை கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது.

850 கி.மீ. வேகம்னா மூன்றரை மணி நேரத்துல போயிடணுமே?

நல்ல கேள்வி. பயணிகள் ஜெட் விமானம் உயரத்துக்குப் போனதும் மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,920-ஐ 850-ஆல் வகுத்தால் சுமார் 3 மணி 25 நிமிடம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போனது?

முதல் காரணம், டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம் என்பது விமானம் மேலே எழும்பும் நேரம் அல்ல. நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். அதேபோல வந்து சேரும் நேரம் என்பது சக்கரம் தரையில் படும் நேரம் இல்லை. போய் நிற்கும் நேரம். இந்த இரண்டு பக்கமும் ஓடுபாதைக்குப் போக, வர, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருக்க என 20 முதல் 30 நிமிடம் போய்விடும்.

இரண்டாவது, ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. 10, 11 கி.மீ. உயரத்துக்கு ஏறவே சுமார் 20 நிமிடம் ஆகும். இறங்க அரை மணி நேரம். அந்த நேரத்தில் வேகம் குறைவு.

மூன்றாவது, வானத்திலும் ரோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, எண் கொடுக்கப்பட்ட வழித்தடங்கள். விமானம் அவற்றில்தான் போக வேண்டும். நூல் பிடித்த மாதிரி எப்போதும் நேராகப் போக முடியாது.

நான்காவது, விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தை முன்கூட்டியே சேர்த்துப் போட்டிருக்கும். அதனால்தான் 'பைலட் சீக்கிரமா கொண்டு வந்துட்டாரே' என்று சில நாள் 15 நிமிடம் முன்னதாகவே இறங்குகிறோம்.

காற்று பண்ணும் வேலை

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஆவதற்கு முக்கியக் காரணம் காற்று.

துபாய் இருக்கும் பக்கத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், உயரமான வான்வெளியில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று ஓடும். இதை ஜெட் காற்றோட்டம் என்பார்கள். சென்னையிலிருந்து துபாய் போகும் விமானத்துக்கு இது எதிர்க்காற்று. துபாயிலிருந்து திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். அதனால்தான் போக 4 மணி 20 நிமிடம் ஆகும் இடத்திலிருந்து திரும்பி வர 4 மணி நேரமோ, அதற்கும் குறைவாகவோ ஆகிறது.

சென்னை இருக்கும் பகுதிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடும். கீழே தரையில் தென்மேற்குக் காற்று அடிக்கும். மேலே நேர் எதிர். இதைப் பற்றி 1950-களில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிவியலாளர் பி. கோடீஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு இது எதிர்க்காற்று, வரும் விமானத்துக்கு உதவிக்காற்று.

காற்றைப் பார்த்துப் பயணம் போவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் என்பதால்தான் இந்த ஊருக்கே திருமுக்கூடல் என்று பெயர். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் நீளமான கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று இங்கே நடந்ததையும், அதில் வைத்திருந்த மருந்துகளையும் அது சொல்கிறது. அதே வீரராஜேந்திரன்தான் கடல் தாண்டிக் கடாரத்துக்குப் படை அனுப்பியவன். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அன்றைக்குப் பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்துதான் கிளம்பின, திரும்பின.

கப்பல் காலம் அவ்வளவு பழசும் இல்லை. 'ரஜூலா' கப்பலில் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போனவர்கள் இன்றைக்கும் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். 1970-களின் தொடக்கத்தில் ரஜூலா நின்றது. அதன் பிறகு ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீ விபத்து ஏற்பட்டதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. ஒரு வாரம் ஆன தூரம்தான் இன்றைக்கு நாலே கால் மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது.

சரி, கடிகாரக் கணக்குக்கு வருவோம்

பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று, அதாவது 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முன்னாடி உதிக்கும், மேற்கே இருக்கும் ஊரில் பின்னாடி உதிக்கும்.

திருமுக்கூடலுக்கும் மெரினா கடற்கரைக்கும் இடையில் கூட இந்த வித்தியாசம் உண்டு. மெரினாவில் உதிக்கும் சூரியன் திருமுக்கூடலுக்கு வர ஒன்றரை நிமிடம் போல ஆகும். ஊருக்கு ஊர் இப்படித் தனி நேரம் வைத்தால் பஸ், ரயில் எதுவும் ஓட முடியாது. அதனால்தான் நாடு முழுக்க ஒரே நேரம்.

முன்பு இந்திய ரயில்வேக்களில் 'மெட்ராஸ் நேரம்' பயன்பாட்டில் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட நேரம் அது. இப்போதைய நேரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் பின்னால் இருக்கும். 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து, லண்டன் கிரீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று அது வகுக்கப்பட்டது.

இப்போது துபாயைப் பாருங்கள். அது சென்னைக்கு மேற்கே சுமார் 25 பாகை. சூரியக் கணக்கில் 100 நிமிட வித்தியாசம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம், அதாவது 90 நிமிடம் பின்னால். சூரியனும் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

சிங்கப்பூர் சென்னைக்குக் கிழக்கே சுமார் 24 பாகை. சூரியக் கணக்குப்படி 95 நிமிடம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் கடிகாரம் இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம் முன்னால் இருக்கிறது. ஏன்?

அது சிங்கப்பூர் எடுத்த முடிவு. 1981 வரை சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2 மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் ஒரே நேரம் வைக்க முடிவு செய்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியபோது, பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரும் சேர்ந்து தள்ளிக்கொண்டது. 1982 பிறந்தபோது புது நேரம் அமலுக்கு வந்தது. அதனால்தான் சிங்கப்பூரில் இன்றைக்கும் காலை 7 மணி வாக்கில்தான் விடிகிறது. நேரம் என்பது பாதி இயற்கை, பாதி அரசாங்க முடிவு. இலங்கையும் 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்துக்கே திரும்பி வந்தது. அதனால் கொழும்புக்குப் போனால் வாட்ச்சில் கை வைக்கவே தேவையில்லை.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை எப்படிப் படிப்பது?

ஒரே ஒரு விதிதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் என்பது புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் என்பது சேரும் ஊரின் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கவே கூடாது.

சென்னை - துபாய்: காலை 10 மணி + 4.20 மணி நேரம் = நம் நேரப்படி மதியம் 2.20. அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்தால் துபாயில் 12.50.

சென்னை - சிங்கப்பூர்: காலை 10 மணி + 4.20 மணி நேரம் = நம் நேரப்படி மதியம் 2.20. அதோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால் சிங்கப்பூரில் மாலை 4.50.

திரும்பும்போது இது தலைகீழ். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினால் சென்னையில் 9.50-க்கு இறங்கலாம். டிக்கெட்டைப் பார்த்தால் 1 மணி 50 நிமிடப் பயணம் போலத் தெரியும். துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால் சென்னையில் அதிகாலை 3.30. ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும். ரெண்டுமே உண்மையில் 4 மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான்.

வீட்டுக்கு ஃபோன் பேசும்போதும் இதே கணக்கு. ஊரில் அம்மா இரவு 10 மணிக்குச் சாப்பிட்டு முடித்து ஃபோன் எடுத்தால், துபாயில் இருக்கும் பிள்ளைக்கு 8.30 தான். 'சொல்லும்மா' என்று நிதானமாகப் பேசுவான். சிங்கப்பூரில் இருப்பவனுக்கு அது நள்ளிரவு 12.30. காலையில் வேலைக்குப் போக வேண்டியவன் தூங்கியிருப்பான். 'ஃபோனே எடுக்க மாட்டேங்கறான்' என்று கோபப்படுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

அதிகம் பேர் ஏமாறும் இடம்: நள்ளிரவு 12 மணி

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. இங்கேதான் பெரிய தப்பு நடக்கும்.

டிக்கெட்டில் '15-ம் தேதி, 00.30' என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 14-ம் தேதி இரவு தூங்காமல் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். '15-ம் தேதி ராத்திரி பன்னிரண்டரைக்குத்தானே' என்று 15-ம் தேதி மாலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், விமானம் போய்க் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். வராத பயணிக்கு டிக்கெட் பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. கையில் கொஞ்சம் வரிப் பணம் மட்டும் வரலாம். புது வேலைக்குப் போகிறவராக இருந்தால் சேர வேண்டிய தேதியும் தப்பும்.

எளிய வழி: டிக்கெட்டில் நேரம் 00-இல் தொடங்கி 03 வரை இருந்தால், 'முந்தின நாள் ராத்திரி' என்று பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். அதேபோல சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று இருந்தால், அடுத்த நாள் போய்ச் சேரும் என்று அர்த்தம். அழைத்துப் போக வருபவருக்கு அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டும்.

பறப்பது 4 மணி நேரம்... பயணம் 12 மணி நேரம்!

திருமுக்கூடலிலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியில் 40 கி.மீ. தான். ஜெட் வேகத்தில் 3 நிமிடம். ஆனால் தரையில் பாலாற்றுப் பாலம் தாண்டி, பழையசீவரம், செங்கல்பட்டு, ஜிஎஸ்டி சாலை என்று சுமார் 60 கி.மீ. சுற்ற வேண்டும். வண்டியில் போனால் ஒன்றரை முதல் 2 மணி நேரம். மாலையில் தாம்பரம் பக்கம் நெரிசல் இருந்தால் இரண்டரை மணி நேரம் கூட ஆகலாம். ரயிலில் போவதானால் பழையசீவரத்திலோ செங்கல்பட்டிலோ ஏறி, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் இறங்கலாம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில்கள் அங்கே நிற்கும்.

இப்போது மேலே சொன்ன 00.30 சிங்கப்பூர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம்.

- மாலை 6.30: திருமுக்கூடலில் கிளம்புகிறார்
- இரவு 9.00: விமான நிலையம். பெட்டி போடுவது, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை
- 00.30: விமானம் நகர்கிறது
- நம் நேரம் 4.50: சிங்கப்பூரில் இறங்குகிறார். அங்கே காலை 7.20
- ஒரு மணி நேரம்: குடியேற்றம், பெட்டி எடுப்பது
- இன்னொரு மணி நேரம்: ரயில் பிடித்துத் தங்குமிடம்

நம் நேரம் காலை 6.50-க்குத்தான் அவர் படுக்கையைப் பார்க்கிறார். மொத்தம் 12 மணி 20 நிமிடம். இதில் விமானத்துக்குள் இருந்தது மூன்றில் ஒரு பங்குதான். தூரத்தில் வெறும் 2 சதவீதமாக இருக்கும் திருமுக்கூடல் - சென்னை ரோடு, நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடுகிறது.

இதனால்தான் கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு விமானம் எப்போதும் லாபமில்லை. திருமுக்கூடலிலிருந்து மதுரைக்குக் காரில் சுமார் 400 கி.மீ., ஆறரை முதல் 7 மணி நேரம். விமானத்தில் போனால்? சென்னைக்கு எதிர்த்திசையில் 2 மணி நேரம், காத்திருப்பு ஒன்றரை முதல் 2 மணி நேரம், பறப்பது ஒன்றேகால் மணி நேரம், மதுரையில் வெளியே வந்து ஊருக்குள் போக ஒரு மணி நேரம். எல்லாம் சேர்த்தால் 6 மணி நேரத்தைத் தொட்டுவிடும். அரை மணி, ஒரு மணி நேரம்தான் மிச்சம். செலவு பல மடங்கு.

வழியில் இறங்கிப் போனால் மலிவா இருக்கே?

மும்பை கிட்டத்தட்ட துபாய் கோட்டின் மேலேயே இருக்கிறது என்று பார்த்தோம். சென்னை - மும்பை - துபாய் என்று போனால் கூடுதல் தூரம் 30 கி.மீ. போலத்தான். ஆனால் மும்பையில் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறும்போது குறைந்தது 3, 4 மணி நேரம் கூடும். கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போனால் மொத்தம் சுமார் 3,400 கி.மீ. நேர் வழியைவிட 480 கி.மீ. அதிகம். பறக்கும் நேரம் அரை மணி கூடும். காத்திருப்பு 2 மணி நேரமா, 10 மணி நேரமா என்பதுதான் உண்மையான கேள்வி.

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. விலை குறைவு என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நஷ்டம் நம் தலையில். 500 ரூபாய் மிச்சம் பார்த்து முழு டிக்கெட்டை இழந்த கதை இப்படித்தான் நடக்கிறது.

வான்வழி மூடப்பட்டால்?

தூரம் மாறாது, வழி மாறும். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 2019-லும் பிப்ரவரி இறுதி முதல் ஜூலை வரை இதே நிலை இருந்தது. சென்னை - துபாய் வழி கடல் மேலேயே போவதால் இதில் பெரிதாக அடிபடவில்லை. ஆனாலும் வளைகுடாவில் பதற்றம் வரும்போது எந்த வழியும் ஒரே இரவில் மாறலாம். கிளம்புவதற்கு முன் விமான நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

'பையன் எத்தனை மணிக்கு வருவான்?'

கிராமங்களில் இந்தக் கணக்கு கட்டாயம் தேவைப்படும் ஒரு நேரம் உண்டு. வீட்டில் பெரியவர் தவறிவிட்டால், வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து முகம் பார்க்கக் காத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் 'நாலு மணி நேர ஃப்ளைட்டுதானே, வந்துடுவான்' என்று சொல்வது சரியான பதில் இல்லை.

நம் நேரப்படி பகல் 3.30-க்குத் தகவல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் அப்போது மாலை 6 மணி. அங்கே இரவு 10.30 விமானத்தில் இடம் கிடைத்தால், அது நம் நேரம் இரவு 8 மணி. சென்னையில் இறங்கும்போது 12.20. வெளியே வர ஒரு மணி நேரம், ராத்திரி ரோடு காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். திருமுக்கூடலுக்கு வர அதிகாலை 2.50. மொத்தம் 11 மணி நேரத்துக்கு மேல்.

துபாயில் இருப்பவருக்கு அதே தகவல் அங்கே பகல் 2 மணிக்குக் கிடைக்கும். இரவு 10 மணி விமானத்தில் ஏறினால் சென்னையில் அதிகாலை 3.30, ஊருக்கு வரும்போது காலை 6 மணி. இரண்டுமே எல்லாம் சரியாக நடந்தால் மட்டும். கம்பெனியில் விடுப்பு வாங்குவது, பாஸ்போர்ட் கையில் இருப்பது, அன்றைக்கே இடம் கிடைப்பது என ஒன்று தப்பினாலும் அடுத்த விமானம்தான். அதனால் டிக்கெட் உறுதியான பிறகு, இறங்கும் நேரத்தை இந்திய நேரத்தில் கேட்டு, அதோடு இரண்டரை முதல் 3 மணி நேரம் சேர்த்துத்தான் ஊரில் நேரம் குறிக்க வேண்டும். சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சென்னையில் இடம் இல்லை என்றால் அதையும் பார்க்கலாம்.

பரந்தூர் வந்தால் இது மாறுமா?

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. அது செயல்பாட்டுக்கு வந்தால், காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து மக்களுக்கு ஜிஎஸ்டி சாலை நெரிசல் மிச்சமாகும். பறக்கும் நேரம் மாறாது. வீட்டிலிருந்து விமானம் வரையிலான நேரம்தான் குறையும்.

ஆனால் அந்த நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. திட்டத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. அதில் விளைநிலங்களும் ஏரிகளும் அடக்கம். ஏகனாபுரம் உள்ளிட்ட கிராம மக்கள் தங்கள் ஊரையும் நிலத்தையும் விட முடியாது என்று ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும் இடம், இன்னொருவருக்குப் பரம்பரை நிலம். தூரம், நேரம் பற்றிய எந்தக் கணக்கிலும் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் இதை மட்டும் பாருங்கள்

- புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் இந்த ஊர் நேரம். பயண நேரத்தைத் தனியாகப் பாருங்கள்.
- துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கை நம் நேரம்தான். லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால்.
- 00.00 முதல் 03.00 வரை உள்ள விமானம் என்றால் முந்தின நாள் இரவே கிளம்ப வேண்டும்.
- வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருங்கள். பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓடிப் போய் நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்.
- அழைக்க வருபவருக்குத் தேதி, கிழமை, இந்திய நேரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.